விதானையார் வீட்டுக் கைத்துவக்கு

இப்போதும் யாராவது என்னிடம் வந்து, "அந்தக் கொள்ளைக்காரற்றை கைத்துவக்கைப் பற்றிச் சொல்லுங்கோவன்" என்று ஆவலோடு உட்கார்ந்தால் எனக்குக் கோபம் உச்சியில் ஏறும். எந்தக் கொள்ளைக்காரர் என்று திருப்பிக் கேட்பேன். தென்மராட்சிப் பனை வடலிக்குள் ஒளித்திருந்து வண்டி மறித்தவர்களா, நாற்சார் வீட்டில் வெள்ளை வேட்டியோடு இருந்தவரா? கேட்டவர்கள் நெளிவார்கள். நெளியட்டும்.

அப்பு வண்டிக்காரர். என் தகப்பனைத்தான் அப்பு என்கிறேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். சுன்னாகம் சந்தையில் வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு சாவகச்சேரி, கொடிகாமம் என்று போவார். வரும்போது தேங்காய், ஓலை, கிடைத்ததை ஏற்றி வருவார். எனக்கு விவரம் தெரியத் தொடங்கிய காலம், இருபதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த றோட்டில் வண்டி மறிக்கிற கூட்டம் ஒன்று இருந்தது. கத்தியும் பொல்லும் வைத்திருந்தார்கள். கூடவே ஒரேயொரு கைத்துவக்கு, சுழலுகிற வகை. கத்திக்குப் பயப்படாத வண்டிக்காரன்கூட அதைக் கண்டால் கயிற்றை விட்டுவிடுவான்.

கூட்டம் பிடிபட்டது. எங்கள் ஊர் விதானையார், அரசாங்கம் வைத்த ஊர்த் தலைவர், அவர்தான் பொலிசைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடித்தார். அடுத்த நாள் காலை அதே விதானையார் எங்கள் வளவுக்குள் வந்து, அப்புவின் வண்டியில் மாட்டுக்குக் கிடந்த வைக்கோலுக்குள் கையை விட்டுத் துவக்கை எடுத்தார். தேடவில்லை, கிளறவில்லை. வைத்தவன் எடுக்கிற மாதிரி நேரே கையை விட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆனால் சின்னப் பெட்டை சொன்னால் யார் கேட்பார்கள்?

கோட்டில் நீதவானுக்கு முன்னால் விதானையார் சத்தியம் பண்ணிச் சொன்னார், அந்தத் துவக்கை அதற்கு முன்னம் தான் கண்ணாலும் கண்டதில்லை என்று. அப்பு கூட்டத்துக்கு ஆயுதம் காவியவர் என்று தீர்ந்தது. மறியலுக்குப் போனார், சிறைக்குத்தான். அவர் உள்ளே இருக்கும்போது அம்மா காய்ச்சலில் செத்துப்போனார். வழக்குச் சாமான்களைக் கோட்டில் ஏலம் விட்டபோது துவக்கை எடுத்தவரும் விதானையார்தான். வீட்டு நடு விறாந்தையில் கண்ணாடிப் பெட்டி செய்து அதற்குள் வைத்தார். பொங்கலுக்கும் வருஷப்பிறப்புக்கும் வருகிற ஆண்களுக்கெல்லாம் அதைக் காட்டிக் கதை சொன்னார். பெண்கள் அந்த விறாந்தைப் பக்கம் போவதில்லை. உள்ளே அடுப்படியோடு சரி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பு திரும்பி வந்தபோது ஊர் எங்களைத் தள்ளி வைத்திருந்தது. ஒருவரும் எங்கள் வீட்டில் செம்பெடுக்க மாட்டார்கள். அதாவது, தாகத்துக்குத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். இது போதாதென்று விதானையார் கட்டாடியாரையும் நாவிதரையும் மறித்துவிட்டார். துணி வெளுக்கிற கட்டாடியார் எங்கள் படலைக்கு வரக்கூடாது, அவ்வளவுதான் சொல். உடுப்பை நான் கிணற்றடியில் தோய்த்துக்கொள்வேன், அதற்கென்ன? ஆனால் எங்கள் ஊரில் ஒரு செத்தவீடு என்றால் கட்டாடியார் வந்து பிணத்துக்கு மேலே வெள்ளை கட்ட வேண்டும். வெள்ளை கட்டாத பிணம் நாதியற்ற பிணம். விதானையாருக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று நன்றாகத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், செம்பெடுக்க மாட்டாத அதே வீட்டுக்குச் சட்டை தைக்க மட்டும் வருவார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் படித்தவள் நான். கை சுத்தம். பின் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து வந்து, "பிள்ளை, கை கொஞ்சம் இறுக்கமா வைச்சுத் தா" என்பார்கள். அளவெடுக்கும்போது வாய் திறக்காத பெண் உலகத்தில் இல்லை. ஊரில் நான் அறியாத சங்கதியும் இல்லை.

முப்பதுகளின் கடைசியில் அப்புவுக்கு இருமல் பிடித்தது. நெஞ்சுக்குள் கரகரவென்று இழுக்கும். சாவுக்கு அவர் பயப்படவில்லை. ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, எனக்கு வெள்ளை கட்ட ஒருத்தரும் வரமாட்டினம், என்ன? தூக்கவும் ஆள் வராது. நாயைப் போலை இழுத்துக்கொண்டு போவியளோ?"

எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பசுக்கன்றுக்கே தாய் யார், தாயின் தாய் யார் என்று வரலாறு சொல்கிற ஊர் இது. ஒரு துவக்குக்கு மட்டும் தாய் தகப்பன் இல்லையா? வானத்திலிருந்து வைக்கோலுக்குள் விழுந்ததா? கூட்டத்திடம் வரும் முன்னர் அது யாரோ ஒருவரின் வீட்டில் இருந்திருக்க வேண்டும். அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கூட்டத்தில் ஒருவன் மறியல் கழிந்து வந்து சாவகச்சேரியில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கிறான் என்று ஒருத்தி அளவெடுக்கும்போது சொல்லியிருந்தாள். பஸ் ஏறிப் போனேன். வயசான மனிதன், தோளில் துவாய், பார்த்தால் கோயில் தர்மகர்த்தா என்று சொல்வீர்கள். தேத்தண்ணி போட்டுத் தந்தான். நான் யார் என்று சொன்னதும் அடுத்த கோப்பையை ஆற்றாமலே கீழே வைத்தான்.

"உன்ரை கொப்பர் எங்கடை ஆள் இல்லைப் பிள்ளை. ஒருநாளும் இல்லை. நாங்கள் மறிச்ச வண்டியளிலை அவற்றை வண்டியும் ஒண்டு."

"அப்ப துவக்கு எப்பிடி வந்தது?"

அவன் றோட்டைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"அது எங்கடை இல்லை. வேலைக்குப் போகேக்கை தருவினம், முடிஞ்சாப்போலை பங்கோடை திருப்பிக் குடுக்கிறது. தந்த ஆளை நான் சொல்லமாட்டன். நான் இன்னும் கொஞ்சக் காலம் இருக்க வேணும்."

"என்ரை அப்புவின்ரை வண்டிக்குள்ளை வைச்சது ஆர்?"

"நான்தான்," என்றான். "வைக்கச் சொன்னவை, வைச்சனான். எங்களைப் பிடிக்கிறதுக்கு முதல் நாள்."

மிச்சத் தேத்தண்ணியை அவனுடைய வாசலிலேயே ஊற்றினேன். "அறுவான்," என்றேன், "என்ரை அம்மா அதிலைதான் செத்தவா." நான் படி இறங்கும்போது பின்னால் கூப்பிட்டான். கையால் மண்ணைத் தடவி ஒரு வட்டம் கீறினான், அதற்கு மேல் சூலம்போல மூன்று கோடு.

"பிடியிலை சுட்டிருக்கு. மரத்திலை. இருட்டுக்கை பெருவிரலாலை தடவித் தடவி எனக்குப் பாடம். இதுக்கு மேலை என்னை ஒண்டும் கேளாதை."

கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அந்தக் குறியை எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளையும் அறியும். விதானையார் வீட்டு மாடுகளின் தொடையில் சுட்டிருப்பது அதுதான். மாட்டில் மட்டுமா? அந்த வீட்டார் உரலிலும் குறி சுட்டார்கள், ஏணியிலும் சுட்டார்கள், கிணற்றுத் துலாவிலும் பட்டையிலும் கதவு நிலையிலும் சுட்டார்கள். அது அவர்களின் பெருமை. ஆனால் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த துவக்கின் பிடியில் இப்போது மான்தோல் சுற்றித் தைத்திருந்தது என்று ஆண்கள் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். ஏலத்தில் எடுத்த பிறகுதான் அந்தத் தோல் வந்ததாம். அதற்கு முன்னம் துவக்கு பொலிசின் கையில்தான் இருந்தது, எங்கள் ஊர்க் குறி அவர்களுக்கு எங்கே தெரியும்?

அப்புவிடம் வந்து சொன்னேன். "விடு பிள்ளை," என்றார். "அவை பெரிய ஆக்கள். நாங்கள் கதைச்சால் விசர்க்கதை எண்டுவினம்." எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. இவ்வளவு பட்டும் இந்த மனிதனுக்கு இன்னும் பயம்.

அந்த வருஷம் விதானையார் வேலையை விட்டுக் கிராமச்சபைக்கு நின்றார். பெண்களுக்கும் வோட்டு வந்திருந்த காலம். பெண்களின் வோட்டையும் விடக்கூடாது என்று தேர்தல் கூட்டத்தைத் தன் வீட்டு முற்றத்திலேயே வைக்கப்போவதாகவும், பெண்கள் விறாந்தையில் பாய் போட்டு இருக்கலாம் என்றும் சொல்லி அனுப்பினார். கைத்துவக்கை எடுத்துக் காட்டப்போகிறாராம். அதற்குச் சிவப்பு வெல்வெற்றில் ஓர் உறை வேண்டுமாம். வெல்வெற்றில் கை வைக்க ஊரில் வேறு ஆள் இல்லை. ஆகவே என்னைக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டது விதானையாரின் தாய். பருத்தித்துறையில் தோணிக்காரர் வீட்டில் பிறந்து, ஊர் பார்க்கச் சீதனத்தோடு வந்தவர். தலை நரைத்தும் கழுத்து நிமிர்ந்தபடி. அந்த ஆச்சிக்கு ஒரு வியாதி இருந்தது. அதற்குப் பரியாரியிடம் மருந்தில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் எந்தச் சாமான் தன் சீதனத்தில் வந்தது என்று சொல்லாமல் விடமாட்டார். குத்துவிளக்கு, பெட்டகம், அடுக்குச்செம்பு, எல்லாவற்றுக்கும் ஒரு பிரசங்கம். துவக்கைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தபோதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"உதென்ன எண்டு நினைச்சாய்? என்ரை ஐயா தந்தது. கப்பல் உடைஞ்சு எங்கடை கரையிலை ஒரு வெள்ளைக்காரன் ஒதுங்கினவன். ஐயா அவனைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டிலை வைச்சுச் சோறு போட்டவர். போகேக்கை இடுப்பிலை இருந்து கழட்டிக் குடுத்திட்டுப் போனவன். எனக்குக் கலியாணம் முடிஞ்சு இஞ்சை வரேக்கை, வழியிலை கள்ளர் எண்டு ஐயா வண்டிக்குள்ளை வைச்சு விட்டவர். என்ரை சீதனத்திலை துவக்கும் வந்தது. இந்த ஊரிலை வேறை ஆருக்கு வந்தது?"

நான் அளவு பார்க்கிற மாதிரிப் பிடியைத் தடவினேன். மான்தோலுக்கு அடியில் வட்டம் தட்டுப்பட்டது. மேலே மூன்று கோடு.

"ஆச்சி, உது கொஞ்சக் காலம் இஞ்சை இல்லை எண்டு கேள்வி?"

"ஓம், ஓம். கள்ளர் எடுத்தவங்களாம். பேந்து மோன் போய்ப் பறிச்சுக்கொண்டு வந்தவன். அவன் ஆம்பிளை."

பாவம், அவருக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது. மகன் கோட்டில் என்ன சத்தியம் பண்ணினார், விறாந்தையில் வருஷாவருஷம் என்ன கதை சொல்கிறார் என்பது அடுப்படிக்கு எட்டவேயில்லை. நான் துவக்கைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, என் வாழ்நாளில் தைத்ததிலேயே வடிவான உறையைத் தைத்தேன்.

கூட்டத்தன்று பின்னேரம் முற்றம் நிரம்ப ஆண்கள். விறாந்தையில் பெண்கள். உறையைக் கொண்டுபோய்க் கொடுத்த சாட்டில் நான் தூணோடு, ஆச்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். இடுப்பில் கத்திரிக்கோல் தொங்கியது. விதானையார் கதைக்கத் தொடங்கினார். றோட்டுப் போட்டது, குளம் வெட்டியது, எல்லாம் வந்து கடைசியில் துவக்குக்கு வந்தார். உறையைக் கழற்றி உயர்த்திப் பிடித்தார்.

"இந்த றிவோல்வரை ஒரு வண்டிக்காரன்ரை வைக்கோலுக்கை இருந்து நான் எடுத்த அண்டைக்குத்தான் முதல் முதல் கண்ணாலை கண்டனான். உயிரைக் குடுத்துப் பறிச்சனான். இந்தப் பகுதியிலை இப்பிடியொரு சாமான் அதுக்கு முன்னம் இருந்ததேயில்லை."

நான் ஆச்சியின் காதுக்குக் குனிந்தேன். ஆனால் எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

"என்ன ஆச்சி, உங்கடை ஐயா சீதனத்தோடை தந்த துவக்கை உங்கடை மோன் வைக்கோலுக்கைதான் முதல் கண்டவராம்?"

ஆச்சி எழும்பிவிட்டார். அவர் எழும்பிய வேகத்தில் பாய் சுருண்டது.

"எடேய்! என்ன கண்டறியாத கதை கதைக்கிறாய்? வைக்கோலோ? நீ தவழேக்கை உதின்ரை பிடியைக் கடிச்சுக்கொண்டு திரிஞ்சனீ! உது என்ரை ஐயா எனக்குத் தந்தது! உன்ரை கொப்பர் அதிலை எங்கடை குறியைச் சுட்டது நீ பிறந்த வருஷம்!"

விதானையார் சிரிக்கப் பார்த்தார். "அம்மாவுக்கு வயது போட்டுது. இப்ப கொஞ்சம் மாறாட்டம்," என்றார்.

அந்த ஒரு சொல்லை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார். சீதனத்தை இல்லையென்று சொன்னதே பெரிது. அதற்கு மேல் பெற்ற தாய்க்கு மாறாட்டம் என்று ஊர் முன்னால் சொன்னால்? ஆச்சி முற்றத்தில் இறங்கினார். மகன் கையில் இருந்த துவக்கைப் பிடுங்கினார். அவர் கொடுக்காமல் என்ன செய்வது, தாயோடு இழுபறிப்படவா?

"எனக்கோ மாறாட்டம்? பிள்ளை, உந்தக் கத்திரிக்கோலைக் கொண்டு வா. வெட்டு உந்தத் தோலை."

வெட்டினேன். மான்தோல் இரண்டாகப் பிரிந்து விழுந்தது. கறுத்த மரத்தில் வட்டமும் மூன்று கோடும் அப்படியே கிடந்தன. ஆச்சி அதை முன்வரிசையில் இருந்தவர்களின் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்டினார். "பாருங்கோ, பாருங்கோ! ஆற்றை குறி?" என்று கேட்டுக்கொண்டே போனார். தான் என்ன செய்கிறோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. தன் சீதனத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்திருப்பார்.

பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார்: "அப்ப விதானையார், கோட்டிலை கண்டதேயில்லை எண்டு சத்தியம் பண்ணினீர்?"

"களவு போனது... வெட்கத்திலை சொல்லேல்லை..." என்று விதானையார் தொடங்கினார்.

"வெட்கத்திலையோ என்ரை அப்புவின்ரை வண்டிக்குள்ளை கையை விட்டனீங்கள்?" என்று கத்தினேன். "கொள்ளைக்காரருக்குத் துவக்குக் குடுத்தது நீங்கள். பங்கு எடுத்தது நீங்கள். பொலிஸ் கிட்ட வந்ததும் ஆக்களைக் காட்டிக் குடுத்திட்டு, துவக்கை எங்கடை தலையிலை போட்டதும் நீங்கள். ஏலத்திலை ஏன் எடுத்தனீங்கள் தெரியுமோ? உங்கடை குறி போட்ட சாமான் பிறத்தியாற்றை வீட்டிலை கிடக்கக்கூடாது. உங்கடை கொழுப்பு அது!"

என்னை வெளியே இழுத்து விட்டார்கள். நானாகவே போயிருப்பேன், இழுத்ததால் சேலைத் தலைப்புக் கிழிந்தது.

உடனே நீதி கிடைத்தது என்று நினைக்காதீர்கள். கிராமச்சபைக்கு அவர்தான் வென்றார். பாதி ஊருக்குத் தோட்டக்காணி அவருடையது. பிறகு யார் மாறிப் போடுவார்கள்? பொலிசும் வரவில்லை, கோடும் திறக்கவில்லை. ஆனால் அப்புவைக் கள்ளன் என்று சொல்ல அதற்குப் பிறகு ஒரு வாயும் துணியவில்லை. அப்பு இதைக் கேட்டுப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். ஆச்சி சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். "கடிச்சுக்கொண்டு திரிஞ்சவனோ?" என்று கேட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலாய் முடியும்வரை. அவர் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம்!

வென்ற கையோடு விதானையார் ஆள் அனுப்பினார். கட்டாடியும் நாவிதரும் இனி எங்கள் வீட்டுக்கு வரலாமாம், தான் சொல்லிவிட்டாராம். நாங்கள் மட்டும் உந்தக் கதையை இத்தோடு விட வேண்டுமாம். நான் வாயைத் திறக்கும் முன் அப்பு உள்ளேயிருந்து பதில் சொன்னார். பயந்த மனிதன் என்று நான் நினைத்திருந்தேனே, அவர்.

"உவர் மறிக்க நிண்டு, உவர் விட வாற வெள்ளை எனக்கு வேண்டாம். வெள்ளையில்லாமலே போறன். போய்ச் சொல்லு."

மாசி பிறந்து அப்பு போய்விட்டார். விடிய நான் தனியே அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். படலை திறந்தது. கட்டாடியார், தலையில் துணிப்பொட்டலத்தோடு. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"விதானையார் அனுப்பினவரோ?"

"இல்லை நாச்சியார். அவர் வரச் சொன்ன அண்டைக்கு நான் வரேல்லையே. கொப்பர் சொன்னதைக் கேள்விப்பட்டனான். இண்டைக்கு நானாத்தான் வாறன்."

முகட்டில் வெள்ளை கட்டினார். எங்களுக்கு வரவில்லை என்று இவ்வளவு காலம் அழுதோமே, யாரோ ஒருவரின் சொல்லுக்கு வா என்றால் வந்து போ என்றால் போகிற அந்த மனிதனுக்கு நாங்கள் யாராவது அழுதோமா? அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரை வீட்டுக்குள் இருக்கச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். எங்கள் செம்பில். அவர் கையை ஏந்திக்கொண்டு நின்றார், செம்பை வாங்கத் தெரியாமல். நான் கையில் பிடித்து வைத்தேன்.

சுன்னாகம் சந்தையிலிருந்து அப்புவோடு வண்டி ஓட்டிய இரண்டு பேர் வந்தார்கள். மத்தியானம் சாவகச்சேரிக்காரனும் வந்தான், தேத்தண்ணிக்கடை வைத்திருக்கிறவன். படலைக்கு வெளியே வெயிலில் நின்றான். உள்ளே வர அவனுக்குக் கால் வரவில்லை. எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. பிறகு யோசித்தேன். வைக்கோலுக்குள் சுமையை வைத்தவன் இவன். இன்றைக்குக் கொஞ்சம் சுமக்கட்டும். "வா, வந்து பிடி," என்றேன்.

பாடை தூக்க மூன்று தோள் இருந்தது, கட்டாடியார் முன்னால் வெள்ளை விரித்துக்கொண்டு போக வேண்டியவர். நாலாவதைக் காணோம். ஊர்க்காரர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள், விதானையாரின் முகத்தைப் பார்த்துவிட்டு நடக்கலாம் என்று. அவரும் வந்தார். வேட்டி மடிப்புக் குலையாமல் படலைக்குள் கால் வைத்து, சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார்.

"நான் ஒரு பக்கம் பிடிக்கிறன். நடந்ததுகளை விடு பிள்ளை. ஊர் பார்த்துக்கொண்டு நிக்குது."

ஊர் பார்க்கத்தான் வேண்டும் எனக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாலாவது மூலைக்குப் போய்த் தோளைக் கொடுத்தேன். "பொம்பிளை சுடலைக்குப் போறதோ!" என்று ஒருத்தி வேலிக்கு அப்பால் வாயில் அடித்துக்கொண்டாள். மூங்கில் தோள்மூட்டில் இறங்கியது. அப்பு ஒன்றும் பாரமில்லை.

"தள்ளி நில்லுங்கோ விதானையார்," என்றேன். "என்ரை அப்பு போறார்."

அவர் வேலியோடு ஒட்டி நின்று வழி விட்டார்.